வேண்டாம் என்று சொன்ன நன்கொடைகள்: நாகைக் கடற்கரையின் ஒரு சிறு அறக்கட்டளை குறித்த நிகழ்வு ஆய்வு

தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். மாட்டை வாங்குபவரே அதற்குத் தீனியும் போடுபவராக இருக்கும்வரை அது நல்ல அறிவுரைதான். வாங்குவது ஓர் அறக்கட்டளை, தீனி தேட வேண்டியவர்கள் அதை நம்பி வரும் குடும்பங்கள் என்று ஆகும்போது, பல்லைப் பார்த்துத்தான் ஆக வேண்டும். அப்படிப் பார்க்கக் கற்றுக்கொள்ள எங்களுக்குப் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் ஆயின.

நான் பொருளாளராக இருக்கும் அறக்கட்டளை நாகப்பட்டினம் மாவட்டத்தின் மூன்று மீனவக் குப்பங்களில் மாலைநேரப் படிப்பு மையங்களை நடத்துகிறது. ஏறத்தாழ 120 பிள்ளைகள், நான்கு ஆசிரியைகள், ஊதியம் பெறாத ஏழு அறங்காவலர்கள், ஆண்டுக்குப் பதினோரு லட்சம் ரூபாய் அளவிலான செலவு என்பதே எங்கள் அளவு. இதில் பெரும்பகுதி ஆசிரியைகளின் சம்பளத்துக்கும் வாடகைக்கும் போய்விடுவதால், எந்த மாதத்திலும் கையிருப்பு மூன்று மாதச் செலவைத் தாண்டியதில்லை. ஒரு நன்கொடையை மறுக்கும்போது எங்கள் மனநிலை என்னவாக இருந்திருக்கும் என்பதை வாசகர் புரிந்துகொள்வதற்காகவே இந்தக் கணக்கை முதலில் சொல்கிறேன். ஊர்ப்பெயரையும் ஆட்களின் பெயர்களையும் தவிர்த்திருக்கிறேன்.

பழந்துணியில் தொடங்கியது

2004 டிசம்பர் 26 அன்று வந்த ஆழிப்பேரலையில் நாகப்பட்டினம் மாவட்டம் மட்டும் 6,000-க்கும் மேற்பட்ட உயிர்களை இழந்தது. அடுத்த சில நாட்களிலேயே நாடெங்கிலுமிருந்து லாரிகள் வரத் தொடங்கின. அவற்றில் வந்த உணவும் மருந்தும் பாத்திரங்களும் பயன்பட்டன, பழந்துணிகள் பயன்படவில்லை. நாகையிலிருந்து வேளாங்கண்ணி வரை சாலையோரங்களில் துணிகள் குவியல் குவியலாகக் கிடந்ததை அந்த நாட்களில் அங்கே இருந்த எவரும் மறந்திருக்க மாட்டார்கள். மீனவக் குடும்பங்கள் அவற்றைத் தொடவில்லை. அதுவரை சொந்தப் படகும் வலையும் வைத்து உழைத்துச் சாப்பிட்டவர்கள், பிறர் உடுத்திக் கழித்ததை உடுத்தும் நிலைக்குத் தங்களைத் தள்ளிவிட்டதாகவே அந்தக் குவியல்களைக் கண்டார்கள். அவற்றை அகற்றும் வேலை, மீட்புப் பணியில் இருந்திருக்க வேண்டிய ஆட்களையும் வண்டிகளையும் எடுத்துக்கொண்டது.

அதே பேரலையில் அழிந்த இந்தோனேசியாவின் அச்சே மாகாணத்துக்கு ஏறத்தாழ 4,000 டன் மருந்துகள் நன்கொடையாக வந்தன. அவற்றில் பெரும்பகுதி அந்நாட்டின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இல்லாதவை என்பதும், பலவற்றின் உறைகளில் உள்ளூர்க்காரர்களால் படிக்க முடியாத மொழிகளில் எழுதியிருந்தது என்பதும் பின்னர் நடந்த ஆய்வில் தெரியவந்தன. வேண்டாத மருந்தைப் பத்திரமாக அழிப்பதற்கும் பணம் வேண்டும். கொடுத்தவர்கள் அந்தப் பணத்தைக் கொடுக்கவில்லை.

எங்கள் அறக்கட்டளையைத் தொடங்கியவர்கள் அந்தத் துணிக் குவியல்களைப் பிரித்து அடுக்கிய தன்னார்வலர்கள். 2005 ஜனவரியில் ‘சிநேகா’ அமைப்பும் தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பும் நாகையில் ஒரு தொண்டு நிறுவன ஒருங்கிணைப்பு மையத்தை ஏற்படுத்தின. எந்தக் குப்பத்துக்கு எது தேவை, யாரிடம் எது இருக்கிறது என்பதை ஒன்றோடொன்று பொருத்திப் பார்க்கும் வேலை அங்கே நடந்தது. தேவையை முதலில் எழுதி, பிறகு கொடையை அதனோடு ஒப்பிட்டுப் பார்க்கும் முறையை எங்கள் முன்னோடிகள் அங்கே கண்டுகொண்டார்கள். ஆனால் எழுத்தில் அவர்கள் விட்டுச்சென்ற விதி ஒன்றே ஒன்றுதான்: ‘பழந்துணி வாங்குவதில்லை.’ மற்றவற்றை வந்தபோது பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டார்கள், நாங்களும் அப்படியே இருந்துவிட்டோம்.

கேக்கும் சோறும்

முதல் சங்கடம் சிறியதாகத்தான் வந்தது. நகரத்திலிருந்து ஒரு குடும்பம் தங்கள் மகனின் பிறந்தநாளை எங்கள் பிள்ளைகளோடு கொண்டாட விரும்பியது. கேக், பிரியாணி, ஆளுக்கொரு பென்சில் பெட்டி, மையத்துக்கு 5,000 ரூபாய். மறுக்க என்ன இருக்கிறது? அடுத்த மாதம் இன்னொரு குடும்பம் வந்தது. ஓராண்டுக்குள் மாதத்துக்கு மூன்று பிறந்தநாள்களும் திருமண நாள்களும் நினைவு நாள்களும் எங்கள் மாலைப் பொழுதுகளில் இடம்பிடித்துக்கொண்டன.

ஒரு நாள் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித்தரும் ஆசிரியை என்னிடம் ஒரு நோட்டைக் கொண்டுவந்து காட்டினார். அந்தக் காலாண்டில் வகுப்பு நடக்காத நாட்களை அவர் குறித்து வைத்திருந்தார். புயல் எச்சரிக்கைக்காக விட்ட நாட்களைவிட, விருந்துக்காக விட்ட நாட்கள் அதிகம். பிள்ளைகள் வரிசையில் நின்று, பெயர் தெரியாத ஒரு பையனுக்கு வாழ்த்துப் பாடி, படம் எடுத்து முடிந்த பிறகுதான் இலையில் உட்கார முடிந்தது. “டீச்சர், எங்க பொறந்தநாளுக்கு யாரும் வர்றதில்லையே, ஏன்?” என்று ஒரு சிறுமி கேட்டதாகவும் அவர் சொன்னார். அதற்கு என்னிடம் அன்று பதில் இல்லை.

கொடையின் அடக்கவிலை என்ற ஒன்றை நாங்கள் கணக்கிடத் தொடங்கியது அந்த நோட்டிலிருந்துதான். 5,000 ரூபாய் வரவு என்று என் பேரேட்டில் இருந்த வரி, ஆசிரியையின் நோட்டில் ஒரு மாலை வகுப்பின் இழப்பாக இருந்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததும் முடிவெடுப்பது எளிதாயிற்று. வகுப்பு நேரத்தில் விழா இல்லை. உணவு வழங்க விரும்புவோர் பிள்ளைகள் வரும் முன்பே கொடுத்துவிட்டுப் போகலாம், யாரும் வரிசையில் நின்று நன்றி சொல்ல மாட்டார்கள், படம் எடுக்க அனுமதி இல்லை. கோயில் குழல்விளக்கில் ‘உபயம்’ என்று பெரிதாக எழுதி வெளிச்சத்தையே மறைத்துவிடும் வழக்கம் நமக்குப் பழகிப்போனது. பிள்ளைகளின் முகத்தில் அப்படி எழுதக் கூடாது என்பதில் எல்லா அறங்காவலர்களும் ஒன்றுபட்டோம். பிறந்தநாள் கொடையாளர்களில் பாதிப்பேர் அதன்பின் வரவில்லை. வந்த மறுபாதியினர் இன்றுவரை வருகிறார்கள்.

மண்டபங்களில் மிஞ்சிய சோற்றைப் பற்றியும் இங்கே சொல்லிவிடுகிறேன். இரவு ஒன்பதரைக்கு அழைப்பு வரும், ‘நூறு பேர் சாப்பாடு மீந்துவிட்டது, அனுப்பட்டுமா’ என்று. சோற்றை வீணாக்கக் கூடாது என்ற அவர்களின் தவிப்பு உண்மையானது. ஆனால் நண்பகலில் வடித்த சோறு இரவில் எந்த நிலையில் இருக்கும் என்பதைச் சோதிக்க எங்களிடம் வழி கிடையாது. மிகுதி உணவை மீட்டு விநியோகிப்பதற்கென்றே 2019-இல் உணவுப் பாதுகாப்பு ஆணையம் விதிமுறைகளை வகுத்திருக்கிறது. அவற்றின்படி அந்த வேலையைச் செய்யும் அமைப்புகளிடம் அழைப்பவரைத் திருப்பிவிடுவதே நாங்கள் கடைப்பிடிக்கும் முறை.

சட்டம் சொல்லும் வேண்டாம்கள்

சில மறுப்புகளுக்கு விவாதமே தேவையில்லை, சட்டம் முடிவைச் சொல்லிவிடும். பெயர் சொல்லாத கொடை குறிப்பிட்ட வரம்பைத் தாண்டினால், தாண்டிய தொகைக்கு 30 விழுக்காடு வரி உண்டு. வரம்பு என்பது ஒரு லட்சம் ரூபாய் அல்லது மொத்த நன்கொடையில் 5 விழுக்காடு, இரண்டில் எது அதிகமோ அது. 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுப்பவருக்கு நன்கொடைக்கான வருமானவரிச் சலுகை கிடையாது. ஒருவரிடமிருந்து ஒரே நாளில் இரண்டு லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கச் சட்டத்தில் தடை உண்டு. இவற்றை ஒரு தாளில் எழுதி ரசீதுப் புத்தகத்தின் உள்ளட்டையில் ஒட்டிவைத்திருக்கிறோம்.

காசோலையாக ஒரு லட்சம் கொடுத்து, ரசீதைக் காட்டி வரிச்சலுகை பெற்றுக்கொண்டு, தொண்ணூறாயிரத்தை ரொக்கமாகத் திருப்பிக் கேட்பவர்களும் வருவதுண்டு. மூன்று பேர் எங்களிடம் அப்படிக் கேட்டிருக்கிறார்கள், மூவரும் மரியாதைக்குரிய தொழில் செய்பவர்கள். கையிருப்பு வற்றியிருந்த ஒரு மார்ச் மாதத்தில், மிஞ்சும் பத்தாயிரத்தைப் பற்றி நான் ஒரு கணம் யோசித்தேன் என்பதையும் எழுதிவிட வேண்டும். 2021-22 நிதியாண்டு முதல் ஒவ்வொரு கொடையாளரின் விவரத்தையும் படிவம் 10பிடி வழியாக வருமானவரித் துறைக்குத் தெரிவிக்க வேண்டியதாயிற்று. அதன்பின் இந்தக் கோரிக்கை குறைந்திருக்கிறது.

இதே சட்டத் தெளிவு மனத்தை வருத்திய ஒரு நிகழ்வும் உண்டு. எங்கள் மையத்தின் ஓட்டுக்கூரை ஒரு மழைக்காலத்தில் சரிந்தபோது, அதே குப்பத்தில் பிறந்து சிங்கப்பூரில் வேலை பார்த்து அந்நாட்டுக் குடியுரிமை பெற்றுவிட்ட ஒருவர் ஐந்து லட்சம் ரூபாய் தர முன்வந்தார். அவர் படித்த தெரு, அவருடைய தாய் இன்றும் வாழும் தெரு. ஆனால் குடியுரிமை மாறிவிட்டதால், 2010-ஆம் ஆண்டின் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின் பார்வையில் அவர் பணம் வெளிநாட்டுப் பணம். அந்தச் சட்டத்தின்கீழ் எங்களுக்குப் பதிவும் இல்லை, முன் அனுமதியும் இல்லை. பதிவு பெற்றாலும், 2020-இல் வந்த திருத்தத்தின்படி டெல்லியில் உள்ள பாரத ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளையில் தனிக்கணக்கு தொடங்கித்தான் வாங்க முடியும். நிர்வாகச் செலவுக்கு 20 விழுக்காடு உச்சவரம்பு, தனிப்பட்ட ஆண்டறிக்கை என்று தொடர் வேலைகள் உண்டு. ஆண்டுக்கு ஓரிரு கொடைகளுக்காக அந்தச் சுமையை ஏற்க வேண்டாமென்று முன்பே முடிவு செய்திருந்தோம்.

“அண்ணே, தம்பி கணக்குல போட்டுடுறேன், அவன் ஒங்களுக்குச் செக் எழுதிக் குடுக்கட்டும்” என்றார் அவர். கேட்பதற்கு நேர்மையான வழியாகவே தோன்றியது. ஆனால் வெளிநாட்டு மூலத்திலிருந்து பெற்றதை ஒருவர் நேரடியாகவோ பிறர் வழியாகவோ கைமாற்றினாலும் அது வெளிநாட்டு நன்கொடையே என்று சட்டத்தின் விளக்கம் தெளிவாகச் சொல்கிறது. தம்பியின் காசோலை அந்தப் பணத்தின் நிறத்தை மாற்றாது. மறுத்தோம். அவருடன் அங்கே தங்கி வேலை பார்க்கும் நண்பர் ஒருவர் இன்னமும் இந்தியக் கடவுச்சீட்டே வைத்திருந்தார். இந்தியக் குடிமகன் வெளிநாட்டில் இருந்தபடி தன் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பும் பணத்துக்கு அந்தத் தடை இல்லை. கடவுச்சீட்டின் நகலும், பணம் தன் சேமிப்பே என்ற கடிதமும் பெற்றுக்கொண்டு அவர் தந்த 40,000 ரூபாயை வாங்கினோம். கூரை முழுமையாக எழும்ப ஒன்றரை ஆண்டு ஆயிற்று. அதுவரை பிள்ளைகள் பக்கத்து மாதா கோவில் திண்ணையில் உட்கார்ந்து படித்தார்கள். சட்டத்தை மதித்ததில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் அந்தத் தாய் தெருவில் என்னைப் பார்க்கும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொள்வதைக் கடந்து போவது எளிதாக இல்லை.

இறால் பண்ணையின் கணினிகள்

எங்களை உண்மையாகவே இரண்டாகப் பிளந்தது அடுத்த கொடைதான். குப்பத்துக்கு மேற்கே சில இறால் குட்டைகள் உண்டு. முறையான பதிவு பெற்றவை, ஊர்க்காரர்கள் இருபது பேருக்கு வேலை தருபவை. அதன் உரிமையாளர் எட்டுக் கணினிகளும் ஓராண்டு இணையக் கட்டணமும் தர விரும்பினார். மதிப்பு மூன்று லட்சத்துக்கு மேல். அதற்கு நான்கு மாதங்களுக்கு முன்பு, குட்டைகளிலிருந்து கசியும் உப்புநீரால் அடிபம்புத் தண்ணீர் கரிக்கிறது என்று குப்பத்தார் ஆட்சியரிடம் மனுக் கொடுத்திருந்தார்கள். மனுவில் கையெழுத்திட்டவர்களில் முப்பதுக்கும் மேற்பட்டோர் எங்கள் பிள்ளைகளின் பெற்றோர். பண்ணையோ புகாரை மறுத்தது.

இந்தக் கடற்கரையில் இறால் என்பது வெறும் தொழில் தகராறு அன்று. சர்வோதயத் தலைவர் ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில்தான் 1996 டிசம்பர் 11 அன்று உச்ச நீதிமன்றம், கடற்கரை ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் மரபுவழி அல்லாத இறால் பண்ணைகள் கூடாது என்று தீர்ப்பளித்தது. பின்னர் 2005-இல் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம் வந்து பதிவுமுறையை ஏற்படுத்தியது. இந்த வரலாறு முழுவதும் தெரிந்த வயதானவர்கள் குப்பத்தில் இருக்கிறார்கள், அவர்களுக்குக் கணினியின் மேல் யார் பெயர் ஒட்டியிருக்கிறது என்பது கண்ணில் படும்.

அறங்காவலர் கூட்டம் இரண்டு முறை கூடியும் முடிவு எட்டப்படவில்லை. வாங்க வேண்டும் என்றவர்களின் வாதம் வலுவானது: பண்ணை சட்டப்படி நடக்கிறது, புகார் இன்னும் நிரூபிக்கப்படவில்லை, இந்த மண்ணிலிருந்து எடுத்ததில் ஒரு பங்கு இந்த மண்ணின் பிள்ளைகளுக்கு வருவதில் என்ன தவறு? பணத்தின் பிறப்பை ஆராயத் தொடங்கினால் எந்தப் பணம் மிஞ்சும்? இதே வாதம் 1905-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் நடந்திருக்கிறது. எண்ணெய் முதலாளி ராக்ஃபெல்லர் ஒரு கிறித்தவ மிஷன் சங்கத்துக்குத் தந்த ஒரு லட்சம் டாலரை வாங்கக் கூடாது என்று வாஷிங்டன் கிளாடன் என்ற போதகர் எதிர்த்தார். அந்தப் பணத்தைச் சங்கமே கேட்டுப் பெற்றது என்பது பின்னர் வெளிவந்தது, எதிர்ப்பு வலுவிழந்தது, பணம் சங்கத்திடமே தங்கியது. எங்கள் மூத்த அறங்காவலர் ஒருவர் இதைச் சொன்னபோது, எனக்கு உறைத்தது வேறொன்று. முந்தைய ஆண்டு கணினி வேண்டி ஊர் வணிகர்கள் எல்லோருக்கும் நாங்கள் அனுப்பிய கடிதம் அந்தப் பண்ணைக்கும் போயிருந்தது. கேட்டுவிட்டு மறுப்பது கேட்காமலே இருப்பதைவிடக் கடினம். யாரிடம் கேட்கிறோம் என்பதையும் முன்கூட்டியே முடிவு செய்திருக்க வேண்டியது எங்கள் கடமை, அதைச் செய்யத் தவறியிருந்தோம்.

முட்டுக்கட்டை நீங்கியது கொடையாளரின் கடிதத்தை மறுபடி படித்தபோது. மையத்தின் சுவரில் பண்ணையின் பெயர்ப்பலகை, பெற்றோர் கலந்துகொள்ளும் தொடக்க விழா, அதில் ஊர்ப் பஞ்சாயத்தாருக்கும் அழைப்பு என மூன்று வேண்டுகோள்கள் அதில் இருந்தன. ஒவ்வொன்றும் தனித்துப் பார்த்தால் வழக்கமானதே. ஆனால் மனுவில் கையெழுத்திட்ட ஒரு தாய், தன் மகள் அந்தக் கணினியில் படிக்கும்போது, அடுத்த விசாரணைக்கு ஆட்சியர் அலுவலகத்துக்குப் போவாரா? போனால், ‘உங்கள் பிள்ளைக்குச் செய்தது போதாதா’ என்ற கேள்வி அவரை நோக்கி வராதா? பணம் எங்கே பிறந்தது என்பதைவிட, வந்து சேர்ந்த பிறகு அது யாருடைய வாயைக் கட்டும் என்பதே எங்களுக்குரிய கேள்வி என்று அப்போது தெளிந்தது. அந்தக் கேள்விக்கு ஐந்து பேர் ஒரு பக்கமும் இரண்டு பேர் மறுபக்கமும் கைதூக்கினார்கள்.

கடிதத்தை நானே நேரில் கொண்டுபோய்க் கொடுத்தேன். புகார் விசாரணையில் இருக்கும்வரை இந்தக் கொடையை ஏற்க இயலாது, இது பண்ணையின் மீது நாங்கள் சொல்லும் தீர்ப்பு அன்று, பண்ணை நிர்வாகத்திடம் கேட்டுக் கடிதம் அனுப்பியது எங்கள் பிழை என்று அதில் எழுதியிருந்தோம். உரிமையாளர் கோபப்படவில்லை, காபி கொடுத்து அனுப்பினார். அதுவே எனக்குக் கூடுதல் வேதனையாக இருந்தது. மறுத்ததன் விலையையும் சொல்ல வேண்டும். பிள்ளைகள் பதினான்கு மாதங்கள் கணினி இல்லாமல் இருந்தார்கள், அந்த ஆண்டுப் பத்தாம் வகுப்பு மாணவர்களுக்கு அது கிடைக்கவே இல்லை. எதிர்த்து வாக்களித்த இருவரில் ஒருவர் அறங்காவலர் பொறுப்பிலிருந்து விலகிக்கொண்டார். அவர் எங்களை விடக் குறைவாகப் பிள்ளைகளை நேசித்தவர் அல்லர்.

எழுதி வைத்தது

அந்த விலகலுக்குப் பிறகு இரண்டு பக்க நன்கொடைக் கொள்கை ஒன்றை எழுதினோம். பத்தாயிரம் ரூபாய் வரை பொருளாளர் முடிவு செய்யலாம். அதற்கு மேல் இருவர் கையெழுத்து. ஒரு லட்சத்துக்கு மேலும், எந்த நிபந்தனை உள்ள கொடைக்கும், எந்தப் பொருட்கொடைக்கும் முழுக்குழு. கொடையாளரின் உறவினரோ நண்பரோ ஆன அறங்காவலர் பேசலாம், வாக்களிக்கக் கூடாது. பொருளாக வருவதென்றால் அடுத்த மூன்று ஆண்டுகளுக்கு அதைப் பராமரிக்க என்ன செலவாகும் என்பதை எழுதாமல் கூட்டத்துக்குக் கொண்டுவர முடியாது. இந்த ஒரு வரியால்தான், ஒரு நிறுவனம் கழித்த பழைய கணினிகள் இருபதை வாங்காமல் தப்பித்தோம். அவற்றில் பாதிக்குத் திரையே இல்லை. மதுவும் புகையிலையும் விற்கும் நிறுவனங்களிடமிருந்து எந்த வடிவிலும் வாங்குவதில்லை. தேர்தல் அறிவிப்பு வந்த நாளிலிருந்து முடிவு வரும்வரை வேட்பாளர்களிடமோ கட்சிகளிடமோ எதுவும் வாங்குவதில்லை.

கொள்கையில் எனக்கு மிகவும் பிடித்தது மறுப்புப் பதிவேடு. ரசீதுப் புத்தகம் போலவே வரிசை எண் இட்ட நோட்டு. என்ன வந்தது, ஏன் வேண்டாமென்றோம், யார் என்ன சொன்னார்கள், மாற்றாக எதைச் சொன்னோம் என்ற நான்கு கட்டங்கள். மறுக்கும் கடிதத்தை எழுதுபவர் கொடையாளருக்கு அறிமுகமானவராக இருக்கக் கூடாது என்றும் முதலில் எழுதியிருந்தோம். சின்ன ஊரில் அது நடக்காது என்று ஆறே மாதத்தில் தெரிந்து அந்த வரியை அடித்துவிட்டோம்.

கடந்த ஆண்டு இந்தக் கொள்கையின்படி குழுவின் முன் வந்த கடைசி விஷயம், மாதம் இருநூறு ரூபாய். எங்கள் மாணவிகள் இருவரின் தந்தை, அதே இறால் பண்ணையில் இரவுக் காவல் பார்ப்பவர், ஒவ்வொரு மாதமும் சம்பள நாளன்று மையத்துக்குக் கொடுக்க விரும்பினார். அதுவும் பண்ணைப் பணம்தானே என்று புதிதாகச் சேர்ந்த அறங்காவலர் கேட்டார். கேட்டது சரியே. அந்த மனிதரை அழைத்துப் பேசினோம். பெயர்ப்பலகையும் வேண்டாம், ரசீதில்கூடத் தன் பெயருக்குப் பதில் மகள்களின் பெயரை எழுத முடியுமா என்றுதான் கேட்டார். கொடுப்பவர் பெயரில்தான் ரசீது எழுத முடியும் என்று விளக்கினோம். அவர் இரவெல்லாம் கண்விழித்து வாங்கிய கூலி அது, அதைக் கொண்டு யார் வாயையும் அவர் கட்டப் போவதில்லை. எல்லோரும் சம்மதித்தோம். முதல் ரசீதை நான் எழுதிக் கொடுத்தபோது, அதை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அவர் வேலைக்குக் கிளம்பினார்.